மஞ்சள் வைத்த பிளாப்பிகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது.

அனுப்பியவர் காங்கேயத்து மாமா, என் அம்மாவின் தம்பி. 'அவசியம் குடும்பத்துடன் வரவும்' என்று ஒரே ஒரு வரி. யாருக்குக் கல்யாணம்? மாமா வீட்டில் கல்யாணத்துக்கு ஆளே பாக்கி இல்லை. கடைசிப் பையனுக்கும் முடிந்து, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஆனாலும் பத்திரிகை என்றால் கை சும்மா இருக்குமா? தொட்டேன்.

ஒன்றும் திறக்கவில்லை. போன் லேசாகச் சூடானது, அவ்வளவுதான்.

அரைமணி நேரத்தில் மாமாவே கூப்பிட்டார்.

"கண்ணு, என்ற போன்ல இருந்து பத்திரிக்கை ஏதாச்சும் வந்துச்சா? அதைத் தொறந்துபோடாதே சாமி. நான் அனுப்புனதில்லை அது. ஏதோ வைரஸாமா. எல்லார்த்துக்கும் போயிருக்குது. ஒவ்வொருத்தரையாக் கூப்புட்டுச் சொல்லிக்கிட்டிருக்கறேன். உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலீங்க மாமா. நல்லா இருக்குதுங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோவைப் பக்கத்தில் பிறந்த வாய் அது. யாராவது சங்கடத்தோடு கேட்டால், 'நல்லா இருக்குதுங்க' என்றுதான் அதற்கு வரும்.

போனை வைத்ததும் சாந்தாமணி ஞாபகம் வந்துவிட்டது. அவளோடு சேர்ந்து அந்த ஒற்றை அறையும், ஏசியின் உறுமலும், ஈரமஞ்சள் வாசனையும்...

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கும் மெஷின்களுக்கும் ராசி இல்லை என்று. ஆனால் ஒரு காலத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவள். நம்புவீர்களா?

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. காந்திபுரத்தில் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடி, மாடியில் ஒரே ஓர் அறை. சாந்தாமணியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். சென்டருக்கு அவள் முதலாளி. நான் டைப்பிஸ்ட், கேஷியர், டீ வாங்கி வருகிறவள் எல்லாம். கல்யாணப் பத்திரிகை, மில் ஆபீஸ் கடிதம், பம்ப்செட் கம்பெனியின் கேட்டலாக் என்று எது வந்தாலும் டைப் அடித்துக் கொடுப்போம்.

சாந்தாமணியின் அப்பாவுக்கு அவினாசிக்கு அந்தப் பக்கம் தோட்டம். அவளுக்குக் கொடுமுடியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவளோ கடை வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். கடைசியில் இறங்கி வந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"உன்ற இஷ்டத்துக்கு நடத்து அம்மணி. ஆனா நம்மளை யாரும் ஒரு சொல்லு சொல்லிப்போடக் கூடாது. சொன்னா, அன்னிக்கே பூட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்திரோணும்."

ஒரு சொல். அவ்வளவுதான். கடைச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட அன்றிலிருந்து சாந்தாமணி அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே வாழ்ந்தாள்.

அதனால் சென்டரில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட வேண்டும். மெஷின்களுக்குப் பூப்போட்ட துணி உறை. அதைவிட முக்கியம், யார் பிளாப்பி கொண்டுவந்தாலும் வைரஸ் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யாமல் அவள் உள்ளே விடமாட்டாள்.

பிளாப்பி ஞாபகம் இருக்கிறதா? கறுப்பாக, சதுரமாக, பிடித்தால் வளைகிற மாதிரி இருக்குமே, அதேதான். அன்றைக்குப் பல கம்பெனிகளில் இருந்த மெஷின்களுக்கு ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. மெஷினைக் கிளப்புகிற புரோகிராம், தமிழ் எழுத்துக்கான புரோகிராம், அடித்த கடிதம் எல்லாம் ஒரே பிளாப்பிக்குள் குடித்தனம் நடத்தின. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்கள்.

சாந்தாமணி அதை வாங்கி, டிரைவுக்குள் செருகி, ஸ்கேனரை ஓட்டுவாள். திரையில் 'வைரஸ் இல்லை' என்று இங்கிலீஷில் வரும். உடனே பக்கத்துக் கிண்ணத்தில் குழைத்து வைத்திருக்கும் மஞ்சளில் விரலைத் தொட்டு, பிளாப்பியின் லேபிள் மூலையில் ஒரு பொட்டு வைப்பாள்.

சிரிக்காதீர்கள். பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோமே, அந்தப் பழக்கம்தான். குங்குமம் உதிர்ந்து டிரைவுக்குள் போய்விடும். மஞ்சள் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அதற்கு விளக்கம் வேறு வைத்திருந்தாள். ஊருக்கும் பிடித்துப்போயிற்று. மஞ்சள் இருந்தால் நல்ல பிளாப்பி என்று மற்ற சென்டர்களிலும் ஸ்கேன் செய்யாமலே வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்கேன் செய்யும்போது டிரைவின் சின்ன லைட் எரியும். கொஞ்ச நாளாக அது அணைவதற்கு வழக்கத்தைவிட நேரம் ஆனது. "பாத்தியா, எவ்வளவு ஆழமாத் தேடுது," என்று சாந்தாமணி சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

அந்தக் கூடுதல் நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிறகு கூட்டம் குறைய ஆரம்பித்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வருவது மட்டும் நின்றுபோனது. எங்களுக்கு முதல் வாடிக்கையாளர் டவுன்ஹால் பக்கம் பிரஸ் வைத்திருந்த பழனிசாமி அண்ணன். வாரம் தவறாமல் வருகிற மனிதரைக் காணோம். ஒருநாள் சாந்தாமணி அவரைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, கடைப்பக்கமே காணோமுங்க?"

"முகூர்த்தம் கம்மியா இருக்குதுங்க அம்மணி. அப்புறமா வாரேனுங்க."

"மெஷின் நல்லா ஓடுதுங்களா?"

"நெம்ப நல்லா ஓடுதுங்க," என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் தன் ரூட்டே இல்லாத ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். முகூர்த்தம் கம்மியாம். அது ஆவணி மாதம்.

எங்களுக்கு உறைக்கவில்லை. உறைக்கும்படி சொன்னது போத்தனூர் டெய்சி டீச்சர்தான்.

டெய்சி டீச்சர் ரயில்வே குடும்பம். போத்தனூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர், புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். இந்த 'ங்க' எல்லாம் அவரிடம் செல்லாது. ஒரு பகல்வேளையில் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் மேஜைமேல் பிளாப்பிகளை இரண்டு குவியலாக வைத்தார்.

"இந்தா பாரு பொண்ணே. இதெல்லாம் நீ மஞ்சள் வெச்சது. அத்தனையும் செத்துப்போச்சு. இதெல்லாம் உன்கிட்ட வராதது. அத்தனையும் நல்லா இருக்கு. இப்ப நீயே சொல்லு, வியாதி எங்கே இருக்கு?"

சாந்தாமணியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்படி இருக்காதுங்க டீச்சர். நாங்க தெனமும் ஸ்கேன் பண்றமுங்க," என்றாள். மஞ்சள் வைத்த ஒன்றை எடுத்து அங்கேயே ஓட்டிக் காட்டினாள். 'வைரஸ் இல்லை' என்றது திரை.

"அதைக் கேட்டா அது எப்படிச் சொல்லும்? சுவிட்சை ஆஃப் பண்ணு. முழுசா."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். மெஷினோடு வந்த ஒரிஜினல். பிளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் யாராலும் அதில் எதையும் எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். டீச்சர் அப்படி ஒட்டி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. முன்பொரு முறை, அதையும் ஸ்கேன் செய்து தருகிறோம், ஸ்டிக்கர் இருந்தால் மெஷின் முரண்டு பிடிக்கிறது, எடுங்கள் என்று நாங்கள் கேட்டபோது, "என் ஒரிஜினல்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டவர்.

மெஷினை அணைத்து, அந்தப் பிளாப்பியைப் போட்டுக் கிளப்பினோம். பிறகு எங்கள் புரோகிராம்களின் அளவைப் பார்த்தோம்.

ஒவ்வொன்றும் வீங்கியிருந்தது. நேற்றுவரை பழைய அளவு காட்டிய அதே ஃபைல்கள்தான். எங்கள் ஸ்கேனரும் வீங்கியிருந்தது.

விஷயம் இதுதான். அந்த வைரஸ் ஒரு புரோகிராமின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். மெஷினைப் போட்டதும் நமக்கு முன்னால் எழுந்து, மெமரியில் போய் உட்கார்ந்துவிடும், பங்களா கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே யாரை என்ன கேட்பதானாலும் அதைத் தாண்டித்தான் கேட்க வேண்டும். 'இந்த ஃபைல் எவ்வளவு பெரியது' என்று கேட்டால், தன் எடையைக் கழித்துவிட்டுப் பழைய அளவைச் சொல்லும். 'ஃபைலுக்குள் என்ன இருக்கிறது' என்று ஸ்கேனர் எட்டிப் பார்த்தால், தான் வருவதற்கு முன்பு இருந்த முகத்தைக் காட்டும். ஸ்கேனர் தன்னையே சோதித்துக்கொண்டாலும் இதே பதில்தான்.

அதோடு விட்டதா? எந்த ஃபைலைத் திறந்தாலும், மூடும்போது அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனருக்கு வேலை என்ன? பிளாப்பியில் இருக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் திறந்து பார்ப்பதுதானே. அதாவது நாங்கள் ஸ்கேன் செய்த ஒவ்வொரு பிளாப்பிக்கும் வைரஸை ஊட்டிவிட்டிருக்கிறோம். லைட் அணையத் தாமதமானது அதனால்தான். ஊட்டி முடித்து, மஞ்சள் பொட்டும் வைத்து அனுப்பியிருக்கிறோம்.

எங்களுக்கு அது எந்த வழியாக வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஸ்கேனரே யாரோ யாருக்கோ கொடுத்த காப்பியின் காப்பி.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. பழனிசாமி அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கணபதிப் பக்கம் பம்ப்செட் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பாவம், பொண்ணுங்க சங்கடப்படுவாங்க என்று மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, 'நெம்ப நல்லா ஓடுதுங்க' என்றார்கள். மெமரியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனும் அதையேதானே சொன்னான்?

டெய்சி டீச்சர் தன் ஒரிஜினலைக் காப்பி எடுத்துக்கொள்ள விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் மெஷின்கள் சுத்தமாகிவிட்டன.

இப்போது என்ன செய்வது? பேசாமல் இருந்துவிடலாம். ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அப்பாவின் நிபந்தனை அப்படியே பத்திரமாக இருக்கும், கடைச் சாவியும் பத்திரமாக இருக்கும். போய்ச் சொன்னால்? ஊர் முழுக்கச் சொல்லாகிவிடும்.

சாந்தாமணி மஞ்சள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "நாம வெச்ச பொட்டு. நாமதான் போயி அழிக்கோணும்," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்தக் கூச்ச சுபாவக்காரியை யார் கட்டிக்கொள்வது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் தொடங்கினோம். ஒரு மொபெட், ஒரு டப்பா நிறைய ஸ்டிக்கர் ஒட்டிய பிளாப்பிகள். சொட்டு மருந்து கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினோம். முதலில் பழனிசாமி அண்ணன் பிரஸ்.

"அண்ணா, உங்க மெஷினைக் கெடுத்துப்போட்டது நாங்கதானுங்க. மஞ்சள் வெச்ச பிளாப்பியெல்லாம் எடுங்க, சரி பண்ணிக் குடுத்தர்றமுங்க."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. எங்க மெஷின் பழசுங்க. அதுக்கு மூச்சுத் திணறல்." அவர் மெஷின் வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. "மொதல்ல உக்காருங்க. இளநி வெட்டச் சொல்றேன்."

போன இடமெல்லாம் இதே கதை. நாங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கெஞ்சினோம். அவர்கள் ஒப்புக்கொள்ள விடவில்லை. காப்பி, இளநீர், திருப்பூரில் தலைவாழை இலைச் சாப்பாடு. வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒருவழியாக மெஷினைத் திறக்கவைத்து, சுத்தம் செய்து, மஞ்சளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவோம். கடை மட்டும் பூட்டியே கிடந்தது.

அப்படி ஒரு மத்தியானம் பிளாப்பி எடுக்கக் கடையைத் திறந்தபோது, சாந்தாமணியின் அப்பா படியேறி வந்தார். ஏதோ ஒரு கல்யாணத்தில் பழனிசாமி அண்ணனைப் பார்த்திருக்கிறார். அண்ணன் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார், உங்க பொண்ணு ஊடு ஊடா வந்து சரி பண்ணிக் குடுக்குதுங்க என்று. அப்பாவுக்குப் பெருமையாகவா இருந்திருக்கும்?

செருப்பைப் படிக்கட்டில் விட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். சாந்தாமணி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் கண்ணு, நம்மளை யாராச்சும் ஒரு சொல்லு சொல்லிப்போட்டாங்களா?"

சாந்தாமணி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஆமாங்கப்பா. சொல்லியாச்சுங்க."

"யாரு சொன்னது?"

"நான்தானுங்கப்பா. எங்க கடையில இருந்துதான் சீக்கு வந்துச்சுன்னு நானே போயிச் சொன்னேனுங்க. வேற யாரும் சொல்லலீங்க."

இந்தக் கடை இல்லாவிட்டால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அப்பா அவளைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். பிறகு டப்பாவில் மஞ்சள் அழியாமல் கிடந்த ஒரு பிளாப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை ஊடு பாக்கி?"

"வால்பாறை ஒண்ணுதானுங்கப்பா. எஸ்டேட் ஆபீஸு."

"அத்தனை தூரம் ரெண்டு பேரும் தனியாவா போறீங்க?" பிளாப்பியைக் கீழே வைத்தார். "நாமளே சொல்லிக்கிட்டது கணக்குல வராது. சாவியை எடுத்து உள்ள வையி. காலம்பற நானும் வாரேன்."

போனோம். ஆழியார் தாண்டி ஏறுகிற அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஜன்னலைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. அப்பா, உச்சிவரைக்கும் பிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். வளைவுக்கு வளைவு டப்பா சாய்ந்துவிடாமல் அணைத்துப் பிடித்தார். சாந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் குளிரும் தேயிலை வாசனையும் அவள் முகமும் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது.

எஸ்டேட் ஆபீஸில் சாந்தாமணி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க பொண்ணு கடையில இருந்து உங்களுக்கு ஒரு சங்கடம் வந்துபோச்சுங்க. அதைச் சரி பண்ணிப்போட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்களே. மெஷின் நல்லா ஓடுதுங்க," என்றார் கிளார்க். அவருக்குப் பின்னால் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. அதன்மேல் ஒரு டீ கெட்டில்.

அதன் பிறகு சென்டர் பல வருடம் ஓடியது. டீச்சரின் பிளாப்பியில் கிளப்பி, வந்தவர் கண்ணெதிரே சோதித்துத்தான் கொடுப்போம். மஞ்சளுக்குப் பதிலாக ஒட்ட ஸ்டிக்கர் வாங்கி வைத்தாள் சாந்தாமணி. ஒருவரும் கேட்கவில்லை. "மஞ்சளே வெச்சுக் குடுங்க அம்மணி," என்று நின்றார்கள். கொடுமுடிக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்ட செய்தி வந்த அன்று, ஒரு கிலோ மைசூர்பா வாங்கி வந்து எனக்கு ஊட்டிவிட்டாள்.

இதெல்லாம் ஞாபகம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அப்பப் பொய் சொல்லிப்போட்டேனுங்க. அந்தப் பத்திரிக்கையை நான் தொறந்துட்டேனுங்க."

மாமா பெருமூச்சு விட்டார்.

"காத்தால இருந்து ஊரு முச்சூடும் கூப்புட்டுட்டேன் கண்ணு. நீ ஒருத்திதான் தொறந்தேன்னு சொல்றே. மத்தவங்க எல்லாரும் நல்லா இருக்கறாங்களாமா."